பீளமேட்டு ஆட்டம், ஸ்டுட்கார்ட் கட்டை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேசை மேல் இருந்த ஒரு மணற்கடிகாரம். அதற்குப் பின்னால் எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஹெர் ப்ரென்னர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒரு சிறு புத்தகத்தை நின்றபடி உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஹெல்கா கைகளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பிரார்த்தனை நேரத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்து நானும் என் கணவர் செந்திலும் வாசலிலேயே நின்றுவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, அது அவர்கள் ஆடப்போகும் விளையாட்டின் விதிமுறைப் புத்தகம். அந்த விளையாட்டை அவர்கள் பல வருடங்களாக ஆடுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதலில் விதிகளை வாசித்துவிட்டுத்தான் காயைத் தொடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு வாசிக்க வேண்டும் என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைப்பதால்தான் சண்டை வருகிறது" என்றார் ப்ரென்னர். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தது 1997இல். செந்திலுக்கு ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. நான் கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவள். இங்கே எனக்கு மொழியும் இல்லை, மேசையும் இல்லை. ஆகவே பார்ப்பதே வேலையாயிற்று. இந்தப் பகுதி மக்கள் சிக்கனத்துக்கும் உழைப்புக்கும் பேர்போனவர்கள். ஓய்வு நாளிலும் காரைத் துடைப்பார்கள், இருக்கிற ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிப்பார்கள். அந்த வகையில் எங்கள் ஊரை விட்டு அதிக தூரம் வந்துவிட்டதாகத் தோன்றவில்லை. எங்கள் அடுக்ககத்தில் படிக்கட்டைப் பெருக்கும் முறை வாரம் ஒரு குடும்பத்துக்கு வரும். யாருடைய வாரமோ அவர்கள் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். இந்த முறைக்குக் கேர்வோஹெ, பெருக்கும் வாரம், என்று பெயர். மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீடுகளில் இருந்த இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆனால் பலகை மட்டும் ஞாயிறு மாலை ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குத் தவறாமல் மாறிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பீளமேட்டில் எங்கள் வீட்டு இடைச்சுவரின் இரும்புக் கதவு நினைவுக்கு வந்தது.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா பொன்னுசாமி, அந்தப் பக்கம் அவருடைய அண்ணன், என் பெரியப்பா ராமசாமி. பழைய மில் ஒன்றின் பின்புறச் சந்தில் அடுத்தடுத்த வீடுகள். இருவரும் சேர்ந்து மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை ஒன்றை நடத்தினார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மின்வெட்டு அதிகம். கரண்ட் போனதும் லேத்துகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்து நிற்கும். பெரியப்பா சாக்பீஸ் எடுத்து சிமெண்டுத் தரையில் தாயக்கட்டம் போடுவார். காய்கள் வாங்கப்பட்டதில்லை. அண்ணனுக்கு நட்டு, தம்பிக்கு வாஷர். கட்டை மட்டும் பெரியப்பா தன் கையால் பித்தளையை அரம் போட்டு ராவிச் செய்தது. நான்கு பட்டை கொண்ட இரண்டு கட்டைகள். ஒரு பட்டை வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் சேர்ந்து ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் எந்தக் காயும் கட்டத்தில் ஏற முடியாது. கரண்ட் வந்ததும் ஆட்டம் அப்படியே நிற்கும். அடுத்த மின்வெட்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரே ஆட்டம் ஒரு மாதம் நடந்ததும் உண்டு. பெருக்க வருகிறவள் கட்டத்தைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள்.

பட்டறையைப் பிரித்தபோது சண்டை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சண்டை வரவில்லை என்பதுதான் சண்டையாயிற்று. ரோட்டைப் பார்த்த முன்பாகம் ஒன்று, பொடக்காளிப் பக்கம் இருந்த பின்பாகம் ஒன்று. எது யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பதாகப் பேச்சு. சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கூடியிருந்தார்கள். சீட்டு எடுக்கும் நேரத்தில் அப்பா கையை நீட்டவில்லை. "சீட்டெல்லாம் எதுக்குங்க? முன்பக்கம் அண்ணனே எடுத்துக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மரியாதையாகச் சொன்னதுதான். ஆனால் பெரியப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஊர் முன்னால் தன்னைத் தம்பியிடம் தானம் வாங்கியவனாக ஆக்கிவிட்டான் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து பேச்சில்லை. இடைச்சுவரின் இரும்புக் கதவு சாத்தப்பட்டது, பூட்டப்படவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் அதன் மேலாகக் குழம்புக் கிண்ணத்தையும் கறிவேப்பிலையையும் கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆண்கள் இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால், ஒருவர் சைக்கிளை நிறுத்திச் சங்கிலியைப் பார்ப்பார். மற்றவர் கடந்து போவார். நான் ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது அப்பா அந்தப் பித்தளைக் கட்டைகளை என் பெட்டியில் வைத்தார். "அங்க பொழுது போகலீன்னா உருட்டுங்க. இங்க சும்மாதான் கெடக்குது" என்றார்.

ப்ரென்னர் வீட்டு ஞாயிறுகளில் ஆளுக்கொரு வாரம் ஒரு விளையாட்டைக் கொண்டுவர வேண்டும். எங்கள் முறை வந்தபோது நான் கட்டைகளை எடுத்துப் போனேன். ஒரு அட்டையில் கட்டம் போட்டேன். ப்ரென்னர் இயந்திர வரைபடக்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டையை உருட்டும் முன் பட்டைகளை விரலால் அளந்து பார்த்தார். "கையால் ராவியதா?" என்று கேட்டு, அரை மில்லிமீட்டர் கோணல் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து விதிகளைக் கேட்டார். எழுதி வைத்த விதி எங்களிடம் இல்லை என்றதை அவரால் நம்ப முடியவில்லை. நானும் செந்திலும் சொல்லச் சொல்ல எழுதினார். நாங்கள் இருவரும் இரண்டு இடங்களில் முரண்பட்டோம். செந்திலுக்கு ஊர் அவிநாசி, அவர்கள் வழக்கம் வேறு. ப்ரென்னர் எழுந்து போய் விதிகளின் இரண்டாவது பிரதி ஒன்றுக்குத் தாள் எடுத்து வந்தார். ஒரு விதியில் மட்டும் பீளமேடும் அவிநாசியும் ஒன்றுபட்டன. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் நுழைந்து பழமெடுக்க முடியாது. வெட்டுப்பட்ட காய் வெளியே போய், மறுபடி தாயம் விழும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் ஊரிலும் தாயத்துக்குத் தூரத்து உறவான ஒரு விளையாட்டு உண்டாம். அதிலும் வெட்டு உண்டு, ஆனால் வெட்டாமலும் வீடு சேரலாம். "உங்களுடையது கடுமையானது" என்றார் ஹெல்கா. மென்மையாகப் பேசுகிறவர்கள் என்று எங்களைப் பற்றி அவர் அதுவரை எண்ணியிருந்தார்.

ப்ரென்னரின் நிலவறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அவருக்கு அதுதான் தோட்டம். இரண்டு வாரத்தில் தாயக்கட்டத்தை அதில் கொண்டுவந்துவிட்டார். காய்களுக்கு நிறமும் எண்ணும், கட்டங்களுக்கு எழுத்து. நகர்த்தலைத் தட்டினால் கட்டம் மாறும், அதைப் படமாக மின்னஞ்சலில் அனுப்பலாம். "உங்கள் அப்பா அங்கிருந்தே ஆடலாமே" என்றார். அந்தச் சனிக்கிழமை ஐஎஸ்டியில் அப்பாவிடம் சொன்னேன்.

"உங்கூட ஆடி என்ன பண்றது அம்மணி? ஒரு காய் வெட்டுனாலே நீ அழுதுபோடுவ" என்று சிரித்தார்.  பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் ஆடுவாரான்னு கேட்டுப் பாரு" என்றார். "நான் சொன்னேன்னு சொல்லாத."

பெரியப்பாவுக்குத் தனியாகப் பேசினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "நான் உங்கூட ஆடறேன் கண்ணு. நீதான் எனக்கு எதுத்தாள். உனக்கு அக்கட்ட ஆரு ஒக்காந்து யோசனை சொல்றாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்ல." கம்ப்யூட்டரே தாயம் போடும் என்று ப்ரென்னர் செய்து வைத்திருந்த ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. "மிசின் போடறதெல்லாம் தாயமா? நான் ராவுன கட்டை உங்கிட்டத்தான இருக்குது? நீ உன்ற கையில உருட்டு. விழுந்தத அனுப்பு."

இப்படியாக ஒரு சுவருக்கு இருபுறமும் இருந்த இரண்டு பேரின் ஆட்டம் ஸ்டுட்கார்ட் வழியாக நடக்கத் தொடங்கியது. பீளமேட்டில் பொறியியல் கல்லூரிக்கு எதிரில் அப்போதுதான் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டது ஸ்டெல்லா என்ற இளம்பெண், பெருந்துறைக்காரி. அப்பா செவ்வாய்க்கிழமை போவார், பெரியப்பா வெள்ளிக்கிழமை. ஸ்டெல்லா கட்டத்தின் படத்தை அச்செடுத்துக் கொடுப்பாள். அவரவர் வீட்டில் வைத்து யோசித்துவிட்டு நகர்த்தலைச் சொன்னால் தட்டி அனுப்புவாள். கூடவே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தன் குறிப்பையும் சேர்ப்பாள். ஒன்று இப்படி இருந்தது: "அக்கா, இன்னைக்கு ரெண்டு அங்கிளும் ஒரே நேரத்துல வந்துட்டாங்க. சின்ன அங்கிள் பெரியவரப் பாத்ததும் ஜெராக்ஸ் எடுக்க வந்தமாதிரி நின்னுட்டாங்க. கையில ஒரு பேப்பரும் இல்லீங்க்கா. காலேஜ் பசங்க எல்லாம் சிரிக்கறாங்க."

முதல் வாரம் ஒரு தவறு நடந்தது. விழுந்த கட்டையை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு ப்ரென்னர் தன் ஸ்கேனரைத் திறந்தார். அதன் கண்ணாடி மேல் உருட்டினேன். படம் தெளிவாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை பெரியப்பாவின் பதில் வந்தது: "கட்டையோட வயித்தைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கற அம்மணி. முதுகைப் பாத்தில்ல ஆடோணும்?" ஸ்கேனர் கீழிருந்து பார்க்கும் என்பதை ஓய்வு பெற்ற வரைபடக்காரரும் யோசிக்கவில்லை, முன்னாள் துணை ஆசிரியரும் யோசிக்கவில்லை. மொழிபெயர்த்துச் சொன்னதும் ப்ரென்னர் எழுந்து நின்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஹெல்காவே பார்த்ததில்லையாம். அவர்கள் மருமகனின் டிஜிட்டல் கேமரா இரவலாக வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காப்பிக்கும் கேக்குக்கும் முன்பு நான் இரண்டு பேருக்காகவும் உருட்டுவேன், ப்ரென்னர் மேலிருந்து படமெடுப்பார். ஹெல்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். தாயம் விழுந்தால் அவர்தான் முதலில் கை தட்டினார்.

பெரியப்பா எப்போதும் ஆடுகிற மாதிரியே ஆடினார். அப்பாவின் வாஷர்களை ஏப்ரலிலேயே இரண்டு முறை வெட்டினார். அவருடைய நட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பழமாயின. அப்பாவின் காய்களோ வெளிக்கட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு நாள் படிக்கட்டில் ப்ரென்னர் என்னை நிறுத்தினார். கையில் அச்செடுத்த தாள்கள். "என் புரோகிராமில் பிழை இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. உங்கள் அப்பாவுக்கு நான்கு முறை வெட்ட வாய்ப்பு வந்தது. நான்கு முறையும் வேறு காயை நகர்த்தினார். அவருக்குக் கண் பார்வை எப்படி?"

பார்வை நன்றாக இருக்கிறது, எதிரில் இருப்பது அண்ணன் என்றேன்.

"ஆட்டத்தில் அவர் சிவப்பு" என்றார் ப்ரென்னர்.

"அண்ணனின் சிவப்பு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "உங்கள் ஊரில் காய்களுக்கு வயது உண்டா? அப்படியானால் நீங்கள் அதை விதிகளில் சொல்லியிருக்க வேண்டும்." அவர் குரலில் குறை இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது. முக்கியமான ஒரு விதியை எழுதாமல் விட்டுவிட்ட வருத்தம்.

பட்டறைத் தரையில் ஆடிய காலத்தில் அப்பா வெட்டினாரா என்று யோசித்துப் பார்த்தேன். வெட்டினார். வெட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார், பெரியப்பா அவர் முதுகில் ஒன்று போடுவார். அன்றைக்கு இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, ஆகவே வெட்ட முடிந்தது. இப்போது நடுவில் ஒரு சுவரும் ஒரு சீட்டும் இருந்தன. முன்பாகத்தை விட்டுக்கொடுத்தவர் காயையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெட்டாதவருக்கு உள்ளே வழியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. மே மாதம் அவர் விசித்திரமாக ஆடத் தொடங்கினார். பத்திரமான மலைக்கட்டத்தில் உட்கார்ந்திருந்த தன் கடைசி நட்டை வெளியே எடுத்து, அப்பாவின் வாஷருக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா தாண்டிப் போனார். பெரியப்பாவின் நட்டு மறுபடி அவருக்கு முன்னால் வந்து நின்றது. அப்பா மறுபடி ஒதுங்கினார். ப்ரென்னருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திய இடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறையும் அப்பா ஒதுங்கியபோது ஸ்டெல்லாவின் குறிப்பில் பெரியப்பாவின் சொற்கள் வந்தன: "வெட்டச் சொல்லு அம்மணி. வெட்டலீன்னா நான் இதோட நிறுத்திக்கறேன். எனக்கு ஆரும் போட்ட பிச்சையில பழமெடுக்க வேண்டாம்."

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். "அண்ணன் காயை நான் எப்படி அம்மணி வெட்டறது?" என்றார்.  ரிசீவரை அம்மா வாங்கினார். அம்மாவிடமிருந்துதான் மற்றது தெரிந்தது. பெரியப்பா வீட்டைக் காலி செய்கிறார். அவருடைய மகனுக்கு ஓசூரில் வேலை, பெற்றவர்களைத் தன்னோடு அழைத்துக்கொள்கிறான். லேத்தை விற்றாயிற்று. "ஆடி பொறந்துட்டா ஊடு மாத்தக் கூடாதுன்னு ஆனிக்குள்ளயே போறாங்க. உங்கப்பா பகலெல்லாம் அந்தச் சொவுரையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. ஒரு வாய் நல்லாச் சாப்புடறதில்ல. அண்ணன் பேசாமயே போயிருவாருன்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்குது. ஆனா கதவைத் தொறக்க மாட்டாரு." இரும்புக் கதவு பூட்டப்படவில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

ஆனி பிறந்தது. அந்த வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். ப்ரென்னர் கதவைத் தட்டி, இந்த ஞாயிறு தானே உருட்டிப் படமெடுத்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சரி என்றேன். அவர் இன்னொன்றும் செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தாயத்துக்கு உறவான அந்த விளையாட்டைச் சிறுவயதில் அவர் வீட்டில் ஆடியபோது ஒரு கட்டாயம் உண்டாம். வெட்ட முடியும்போது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆட்டம் இப்படி முடிவில்லாமல் சுற்றுவதற்கு அந்த விதி இல்லாததுதான் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். மூன்று மாலைகள் உட்கார்ந்து அதைப் புரோகிராமில் சேர்த்தார். எங்களுக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். அப்பாவுக்கு ஐந்து விழுந்தது. செவ்வாய்க்கிழமை அப்பா வழக்கம்போல வேறு காயைச் சொல்லி அனுப்பினார். ப்ரென்னர் அதைத் தட்டினார். கம்ப்யூட்டர் அதை ஏற்காமல், வெட்ட எட்டிய வாஷரை எடுத்து, பெரியப்பாவின் கடைசி நட்டை வெட்டி வெளியே வைத்தது. புதிய கட்டம் இரண்டு முகவரிகளுக்கும் போயிற்று.

புதன்கிழமை காலை ஸ்டெல்லா அப்பா வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அதன் பிறகு நடந்ததை அம்மா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்கப்பா அப்பத்தான் குளிச்சுட்டு நின்னாரு. சேதியக் கேட்டதும் சட்டை கூடப் போடலை. துண்டோட போயிக் கதவை இழுக்கறாரு, அது துருப்புடிச்சு வரமாட்டேங்குது. நானும் சேந்து இழுத்தேன். அக்கட்ட உங்க பெரீப்பா பெட்டி கட்டிட்டு இருந்தாரு. இவுரு நேராப் போயி, 'அண்ணா, நான் வெட்டலீங்க. அந்த மிசின் வெட்டிப்போட்டுதுங்க. சத்தியமா நான் வேற காயத்தானுங்க சொன்னேன்'ங்கறாரு. அழுகற மாதிரி நிக்கறாரு. அவுரு நிமுந்து பாத்தாரு. 'அப்ப இப்பவும் நீ வெட்டலையா'ன்னாரு. இவுரு இல்லீங்கண்ணான்னு தலைய ஆட்டறாரு. அதுக்கு வந்துது பாரு கோவம்!"

"யாருக்கு?"

"உங்க பெரீப்பாவுக்குத்தான். 'அன்னைக்கு ஒறம்பரை முன்னால சீட்டெடுக்காம எந்திரிச்சுப் போன. இன்னைக்கு வெட்டாம ஒதுங்கிப் போற. மூத்தவன்னா உங்கிட்டப் பிச்சை வாங்கோணுமாடா'ன்னாரு. உங்கப்பா மொதல்ல, 'நீங்க மூத்தவருங்க, அதனாலதானுங்க'ன்னாரு. அவுரு உடலை. கத்திட்டே இருந்தாரு. அப்பறம் உங்கப்பாவுக்கும் ஏறிப்போச்சு. 'பிச்சைன்னா நெனச்சீங்க? எனக்கும் முன்பக்கம் வேணும்னுதான் இருந்துது! உங்களுக்காக உட்டா, இத்தன வருசம் மூஞ்சியத் திருப்பிட்டுப் போவீங்களா? நான் என்ன கல்லா?' அப்படின்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு. கல்யாணமாகி வந்ததுல இருந்து அவுரு அண்ணனுக்கு முன்னால சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. தெருவே வந்து நிக்குது."

"பெரியப்பா என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு? 'இத அன்னைக்கே கத்தியிருந்தா என்னடா பொன்னா'ன்னாரு. கட்டுன பெட்டி மேலயே உக்காந்துட்டாரு. உங்க பெரீம்மா ரெண்டு பேத்துக்கும் மோர் கொண்டாந்து குடுத்துது. இப்ப ரெண்டும் ஒரே எடத்துலதான் கெடக்குது. ஆடலாம்னா கட்டை உங்கிட்ட இருக்குது. அதான் பேசியே பொழுதப் போக்கறாங்க."

ப்ரென்னரிடம் இதைச் சொல்லக் கீழே இறங்கிப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் தானே முந்திக்கொண்டார். விதியை மாற்றும் முன் இரண்டு ஆட்டக்காரர்களிடமும் ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும், அது முறையல்ல, திருத்திவிடுகிறேன், பழைய கட்டத்தை மீட்டுவிடுகிறேன் என்றார். மீட்க வேண்டாம் என்றேன். தம்பி சத்தம் போட்டார், அதில் அண்ணனுக்கு மகிழ்ச்சி என்று சொன்னேன். என் ஜெர்மனில் வினைச்சொல்லைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து அவர் மெதுவாகத் திருத்தினார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் தன் விதித்தாளை எடுத்து, கட்டாய வெட்டு என்று எழுதிய வரியைப் பார்த்துவிட்டு, அதை அடிக்காமல் அப்படியே மடித்து வைத்தார்.

பிறகு இரண்டு வாரம் மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்குப் போனோம், அவர்களுடைய விளையாட்டை ஆடினோம். விதிப்புத்தகம் வாசிக்கப்பட்டது. ஹெல்கா இரண்டு முறை, "அங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாளிதழில் இருந்த காலத்தில், செய்தி வராத ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று பக்கத்தை முடித்துவிடுவோம். பீளமேட்டில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு என் வழியாகப் போக வேண்டிய அவசியம் தீர்ந்திருந்தது. ஸ்டெல்லா மட்டும் ஒரு வரி அனுப்பினாள்: "ரெண்டு அங்கிளும் ஒண்ணா வந்து சொல்லிட்டுப் போனாங்கக்கா. பெரிய அங்கிள் ஓசூர் போறாங்க. சின்னவரு பெட்டி தூக்கிட்டுப் போறாங்களாம்." ஆனி முடிவதற்குள் பெரியப்பா போனார். அப்பா ரயில் நிலையத்தோடு திரும்பவில்லை. ஓசூர்வரை போய், அங்கே இரண்டு நாள் தங்கி, பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

இரும்புக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது, அந்தப் பக்கம் பூட்டிய வீடு. அப்பா பட்டறைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கடைசியாக அச்செடுத்த தாளில் உள்ளபடி காய்களை வைத்திருக்கிறார். பெரியப்பாவின் வெட்டுப்பட்ட நட்டு மட்டும் அதில் இல்லை. அதை அவர் சட்டைப்பையில் ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டார். சென்ற சனிக்கிழமை போன் வந்தது. ஓசூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரைப் பெரியப்பா கண்டுபிடித்துவிட்டாராம். ப்ரென்னரின் கட்டாய வெட்டை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். "வெட்டுனது வெட்டுனதுதான், மறுபடி தாயம் போட்டு ஏறிக்கறேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அவுருக்கு உருட்டு அம்மணி" என்றார் அப்பா.

ஞாயிறு மூன்று மணிக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஹெல்கா மேசை விரிப்பை நீவி விட்டார். ப்ரென்னர் கேமராவோடு நாற்காலி மேல் ஏறி நின்றார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து உருட்டினேன். கட்டைகள் சர்க்கரைக் கிண்ணத்தில் மோதி நின்றன. ஒன்றில் ஒரு புள்ளி. இன்னொன்றில் இரண்டு. தாயம் இல்லை; நட்டு இன்னும் ஒரு வாரம் ஓசூரில் சட்டைப்பையில்தான்.